எல்லாப் பிள்ளைகளுக்கும் பொருந்தும் அறிவியல், கணிதத் தேர்வு: ராமநாதபுரம் கடலோர ஆசிரியர்களுக்கு ஏஐ கருவிப் பயிற்சி நடத்த முழுமையான வழிகாட்டி

கேள்வி புரியாமல் போன மதிப்பெண்ணும் பாடம் தெரியாமல் போன மதிப்பெண்ணும் விடைத்தாளில் ஒரே மாதிரிதான் தெரியும். பார்வைக் குறைபாடு உள்ள பிள்ளைக்கு வரைபடம் தெரிவதில்லை. காது கேளாத பிள்ளைக்கு நான்கு வரி நீளும் வாக்கியம் பிடிபடுவதில்லை. டிஸ்லெக்சியா உள்ள பிள்ளை விடையை வாயால் சொல்லிவிடும், எழுத்தில் தடுமாறும். இந்த மூன்று பேருக்கும் அறிவியல் வரவில்லை என்று முடிவு கட்டுவது அநியாயம்.

செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் இங்கே உண்மையிலேயே உதவும். ஒரே கேள்வியைப் பல வடிவத்தில் மாற்றித் தருவது, படத்தைச் சொற்களாக்குவது, பேச்சை எழுத்தாக்குவது என்று, நேரமில்லாமல் ஆசிரியர்கள் விட்டுவிடுகிற வேலையை நிமிடங்களில் முடிக்கும். ஆனால் அவற்றுக்கு இடம் கேள்வி தயாரிக்கும் மேசையில்தான். மதிப்பெண் போடும் பேனா ஆசிரியர் கையைவிட்டுப் போகக் கூடாது. பயிற்சி முழுக்க இந்தக் கோட்டை அழியாமல் வைத்திருங்கள்.

எப்போது, எங்கே, எத்தனை பேர்

ஜூலை, ஆகஸ்ட் மாதங்களே சரியான காலம். மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 14-இல் முடிந்து, பள்ளியும் திறந்து, வகுப்பு ஓரளவு நிலைப்பட்டிருக்கும். கற்றதைச் செப்டம்பர் காலாண்டுத் தேர்விலேயே சோதித்துப் பார்க்கலாம். அக்டோபருக்குத் தள்ளினால் வடகிழக்குப் பருவமழையில் மின்சாரமும் நெட்வொர்க்கும் கைவிடும்.

எல்லோரையும் ராமநாதபுரத்துக்கு வரச்சொல்லாதீர்கள். ராமேசுவரம், தங்கச்சிமடம், பாம்பன் ஆசிரியர்களுக்கு மண்டபம் அல்லது உச்சிப்புளி, வடக்கே தொண்டி, தென்மேற்கே சாயல்குடி என்று மூன்று இடத்தில் நடத்தினால் பேருந்தில் போகும் நேரம் பயிற்சிக்கு மிஞ்சும். வெள்ளிக்கிழமை வைக்க நேர்ந்தால், கீழக்கரை, ஏர்வாடி, தொண்டி ஆசிரியர்களை நினைத்து ஜும்மாவுக்கு இடைவேளை விட்டே அட்டவணை போடுங்கள்.

ஓர் அணிக்கு 20 முதல் 24 பேர், நான்கு மேசை. ஒவ்வொரு மேசையிலும் நான்கைந்து கணித, அறிவியல் ஆசிரியர்களோடு வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநர் ஒருவர் இருக்க வேண்டும். பாட ஆசிரியருக்குப் பாடம் தெரியும், சிறப்புப் பயிற்றுநருக்குப் பிள்ளையைத் தெரியும். இருவரையும் பிரித்துப் பயிற்சி கொடுத்தால், பாடத்தை விழுங்கிவிடும் எளிமைப்படுத்தலோ, பிள்ளைக்கு எட்டாத கேள்வியோதான் வெளிவரும்.

தொடர்ந்து மூன்று நாள் நடத்துவதில் பயன் குறைவு. முதலில் ஒரு முழுநாள், இரண்டு வார வகுப்பறைச் சோதனைக்குப் பின் ஓர் அரைநாள், காலாண்டுத் தேர்வு முடிந்ததும் இன்னோர் அரைநாள் என்று பிரித்தால்தான் ஆசிரியர்கள் கையில் நிஜமான விடைத்தாளோடு வருவார்கள்.

ஒவ்வொருவரும் தாமே தயாரித்த கடைசி வினாத்தாளையும், பெயர்ப் பகுதி வெட்டப்பட்ட பத்து விடைத்தாள்களையும் கொண்டுவரட்டும். நன்றாக எழுதியவை மட்டும் வேண்டாம், பாதியில் நின்ற தாள்கள்தான் அதிகம் சொல்லும். மேசைக்கு ஒரு மடிக்கணினி, வேறு வேறு நிறுவனங்களின் இரண்டு சிம் தேவை. ஒரே வைஃபையில் இருபது பேர் இலவசக் கணக்கில் ஒரே நேரத்தில் நுழைந்தால் சில சேவைகள் ரோபோவா என்று சோதித்து நிறுத்திவிடும். இலவசப் பயன்பாட்டுக்கு அளவும் உண்டு. அதனால் இரண்டு பேருக்கு ஒரு கருவி போதும். திரையில் உள்ள எழுத்தை உரக்க வாசிக்கும் என்விடிஏ என்னும் இலவசத் திரைவாசிப்பானை நிறுவாமலே பென் டிரைவிலிருந்து ஓட்டலாம். நான்கு பென் டிரைவில் ஏற்றி வையுங்கள். நெட்வொர்க் அடியோடு போனாலும் வேலை நடக்க, ஏஐ தந்த நல்ல பதில், கெட்ட பதில் ஆறேழை முன்கூட்டியே அச்சிட்டு வைப்பது அவசியம்.

முதல் மணிநேரம்: எழுத்துரு

பல பள்ளிகளில் பயிற்சி இங்கேயே சறுக்கும். பழைய வினாத்தாள்கள் பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்களில் தட்டச்சானவை. அவற்றை ஏஐ கருவியில் ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குப்பையாக விழும். கருவி அதையும் புரிந்துகொண்டதுபோல் பதில் சொல்லும், அது இன்னும் ஆபத்து. திரைவாசிப்பானும் அந்தக் குப்பையைத்தான் வாசிக்கும். ஆகவே எல்லாக் கருவிகளும் வாசிக்கும் பொதுக் குறியீடான யூனிகோடுக்கு மாற்றாத வினாத்தாள் பார்வையற்ற பிள்ளைக்கு வெறும் வெள்ளைத்தாள்.

இணையத்தில் கிடைக்கும் எழுத்துரு மாற்றியில் இட்டு யூனிகோடாக்குங்கள். அச்சுத்தாள் மட்டுமே இருந்தால் நேர்மேலிருந்து, நிழல் விழாமல் படமெடுத்து கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டாக்ஸில் திறந்தால் எழுத்தாகக் கிடைக்கும். பிறகு மூலத்தோடு ஒப்பிட்டு வாசிக்க வேண்டும். பின்னங்கள், அடுக்குக்குறிகள், கீழிலக்கங்கள் அநேகமாக உடைந்திருக்கும். பத்தின் அடுக்கு மூன்று என்பது நூற்று மூன்றாக மாறியிருந்தால் கேள்வியே வேறாகிவிடும்.

எதை அளக்கிறோம்?

கருவியைத் திறப்பதற்கு முன் ஒவ்வொரு கேள்விக்கும் ஓரத்தில் ஒரே வரியில் இதை எழுதச் சொல்லுங்கள். நாள் முழுவதிலும் கடினமான பயிற்சி இதுதான். முக்கால் மணிநேரம் கொடுங்கள். ஓர் எட்டாம் வகுப்புக் கணக்கு:

“பாம்பனைச் சேர்ந்த மகளிர் குழுவினர் கடலில் மிதக்கவிடப்பட்ட மூங்கில் மிதவை ஒன்றில் கட்டிய 60 கிலோ விதைப்பாசியானது 45 நாட்கள் கழித்து அறுவடை செய்யப்பட்டபோது 240 கிலோவாக இருந்தது எனில், எடையில் ஏற்பட்ட அதிகரிப்பு எத்தனை சதவீதம்?”

இது அளக்க வேண்டியது, தொடக்க அளவை அடிப்படையாக வைத்து அதிகரிப்புச் சதவீதம் காணும் திறன். அளக்கத் தேவையில்லாதது, ‘விடப்பட்ட’, ‘கட்டிய’, ‘கழித்து’, ‘செய்யப்பட்டபோது’, ‘எனில்’ என்று எச்சத்துக்குள் எச்சமாகப் பின்னிய வாக்கியத்தை அவிழ்க்கும் திறன். சைகை மொழியில் சிந்திக்கும் பிள்ளையும், வாசிப்பில் திணறும் பிள்ளையும் அந்தப் பின்னலிலேயே சிக்கிக்கொள்கிறார்கள். சதவீதம்வரை வருவதே இல்லை.

“இதை எளிமைப்படுத்து” என்று மட்டும் சொன்னால் ஏஐ பெரும்பாலும் இப்படித் தரும்: “240-இலிருந்து 60-ஐக் கழியுங்கள். வந்த விடையை 60-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்குங்கள்.” படிக்க எளிதுதான். ஆனால் கணக்கு செத்துப்போயிற்று. 60-ஆல் வகுப்பதா 240-ஆல் வகுப்பதா என்று தீர்மானிப்பதுதானே கேள்வி? வழியையே சொல்லிக்கொடுத்துவிட்டு 300 சதவீதம் என்று எழுதிய பிள்ளைக்கு மதிப்பெண் கொடுப்பது உதவி ஆகாது. அடுத்த வகுப்பில் அந்தப் பிள்ளைதான் அதற்கு விலை கொடுக்கும்.

நல்ல வடிவம் இப்படி இருக்கும்: “கடலில் ஒரு மூங்கில் மிதவை உள்ளது. முதல் நாள் அதில் 60 கிலோ பாசி கட்டினார்கள். 45 நாட்களுக்குப் பின் பாசியின் எடை 240 கிலோ. எடை எத்தனை சதவீதம் அதிகரித்தது?” எண்கள் அப்படியே, சிந்திக்கும் வேலையும் அப்படியே. தடை மட்டும் போயிருக்கிறது. இதை வகுப்பில் எல்லோருக்குமே கொடுக்கலாம், தனித்தாள் தேவையில்லை. தனித்தாள் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது.

கட்டளையை எழுதும் முறை

ஜெமினி, சாட்ஜிபிடி எதுவானாலும் கீழ்க்கண்ட வடிவத்தில் தொடங்குங்கள். அளக்கும் திறனை முதலில் சொல்வதுதான் இதன் உயிர்.

“தமிழ்நாடு பாடத்திட்டம், எட்டாம் வகுப்புக் கணிதம். கீழே உள்ள கேள்வி அளப்பது: தொடக்க அளவை அடிப்படையாகக் கொண்டு அதிகரிப்புச் சதவீதம் காணுதல். இதை மாற்றக் கூடாது. எண்களை மாற்றக் கூடாது. கூட்டுவதா, கழிப்பதா, எதனால் வகுப்பது என்று எந்தக் குறிப்பும் தரக் கூடாது. ஒரு வாக்கியத்தில் ஒரு செய்தி. வாக்கியத்துக்கு எட்டுச் சொல் வரை. நான் தரும் கலைச்சொற்களை மட்டும் பயன்படுத்து. மூன்று வடிவம் கொடு. ஒவ்வொன்றிலும் மூலத்திலிருந்து என்ன மாறியது என்று ஒரு வரி எழுது. விடையைப் படிகளோடு கடைசியில் தனியாகக் கொடு.”

ஒரு தடவைக்கு ஒரு கேள்வியே அனுப்புங்கள். பத்தை மொத்தமாகக் கொடுத்தால் ஐந்தாவதுக்கு மேல் விதிகள் தளர்ந்து, குறிப்புச் சொல்லும் பழக்கம் திரும்பிவிடும். “என்ன மாறியது” என்ற வரியையும் நம்பிவிடாதீர்கள். எண்ணை மாற்றிவிட்டு ஒன்றும் மாறவில்லை என்று அது எழுதக்கூடும்.

வந்ததைச் சரிபார்த்தல்

முதலில் விடை. ஆசிரியர் கருவியின் விடையைப் பார்க்காமல் தானே ஒரு தாளில் போட்டுப் பார்க்க வேண்டும். பார்த்துவிட்டுப் போட்டால் கண் அதையே சரி என்று சொல்லும்.

அடுத்தது கலைச்சொல். கருவிகள் கற்ற தமிழில் இலங்கைப் பாடநூல் தமிழும் கலந்திருக்கிறது. நிறைக்குப் பதில் ‘திணிவு’, அழுத்தத்துக்குப் பதில் ‘அமுக்கம்’, முடுக்கத்துக்குப் பதில் ‘ஆர்முடுகல்’ வந்தால் பார்த்ததும் தெரிந்துவிடும். கண்ணில் படாமல் நழுவுவது ‘வேகம்’. இலங்கை வழக்கில் அது திசையோடு கூடியது, நம் பாடநூலில் அது ‘திசைவேகம்’. நம் ‘வேகம்’ அங்கே ‘கதி’. இந்த ஒரு சொல் மாறினால் ஒன்பதாம் வகுப்பு இயக்கப் பாடத்தின் கேள்வி முழுவதும் தவறு. நிறையையும் எடையையும் குழப்புவதும் அடிக்கடி நடக்கும். பாடத்துக்கு 30 சொல் வீதம் பாடநூலிலிருந்து எடுத்து ஒரு கோப்பில் வைத்து, கட்டளையோடு ஒட்டுங்கள்.

மூன்றாவது, சூழல். நகரத்து லிஃப்ட், மால், மெட்ரோ ரயில் என்று கருவி எழுதும். “கடலோரக் கிராமம்” என்று சொன்னால் ஒவ்வொரு கேள்வியிலும் மீன் வரும், படகோட்டுவது எப்போதும் ஆண், பாசி எடுப்பது எப்போதும் பெண். இரண்டுமே வேண்டாம். நம் பிள்ளைகளின் உலகத்தில் கமுதி சூரிய மின்நிலையமும், வாலிநோக்கம் உப்பளமும், 72.5 மீட்டர் நீளத் தூக்குப்பகுதி 17 மீட்டர் உயரும் புதிய பாம்பன் பாலமும், பனங்காடும் இருக்கின்றன. பத்துக் கேள்வியில் மூன்று நான்கு உள்ளூர்ச் சூழல் போதும்.

உள்ளூர்ச் சூழலே சிக்கலாவதும் உண்டு. கடலின் ஆழத்தைப் ‘பாகம்’ கணக்கில் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு ஒரு பாகம் ஏறக்குறைய ஆறடி. தூரத்தைக் கடல் மைலில் கேட்டிருப்பான், அது 1.852 கிலோமீட்டர். கேள்வியில் அலகைத் தெளிவாக எழுதாவிட்டால், அனுபவத்தில் சரியான விடை தாளில் தவறாகிவிடும்.

பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கு

படத்தை ஏஐ கருவியிடம் கொடுத்து விவரிக்கச் சொன்னால் விடையையும் சேர்த்துச் சொல்லிவிடும். மாதவாரி மழையளவுப் பட்டை வரைபடத்தைக் கொடுத்தால், “அக்டோபர், நவம்பரில் மழை உச்சத்தை அடைகிறது” என்று எழுதும். கேள்வியே அதுவாக இருந்தால்? “போக்கையோ முடிவையோ சொல்லாதே, அச்சுகளின் பெயர், அலகு, ஒவ்வொரு மாதத்தின் அளவு மட்டும் வரிசையாகக் கொடு” என்று கட்டளையிட வேண்டும். அளவுகளை ஆசிரியரே மூலப்படத்தோடு ஒப்பிட வேண்டும். பட்டையின் உயரத்தைக் கருவி தவறாக வாசிப்பது சாதாரணம்.

சொல்விவரம் மட்டும் போதாது. வரைபடத்தைத் தடவிப் பார்க்கவும் வேண்டும். தடித்த அட்டையில் பென்சிலால் வரைந்து, கோடுகளின் மேல் ஃபெவிக்கால் தடவி வலை பின்னும் நைலான் நூலை ஒட்டுங்கள். அச்சுகளுக்கு மெல்லிய நூல், வளைகோட்டுக்குத் தடித்த நூல். இரண்டு கோடுகளுக்கு நடுவே குறைந்தது 3 மி.மீ., சின்னப் பிள்ளைகளுக்கு 5 மி.மீ. இடைவெளி இல்லாவிட்டால் விரலுக்கு ஒரே கோடாகத் தோன்றும். பின்னணிக் கட்டங்களை விட்டுவிடுங்கள். ஓர் இரவு முழுதும் காயட்டும். ஈரம் காயாமல் அடுக்கி வைத்தால் கோடு நகர்ந்துவிடும்.

சமன்பாடுகளைத் திரைவாசிப்பான் வாசிக்கும்போது பின்னம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தெரியாது. “எக்ஸ் கூட்டல் ஒன்று வகுத்தல் இரண்டு” என்பதை இரண்டு விதமாகப் புரிந்துகொள்ளலாம். “பின்னம் தொடக்கம், தொகுதி எக்ஸ் கூட்டல் ஒன்று, பகுதி இரண்டு, பின்னம் முடிவு” என்று எழுதித் தரச் சொல்லுங்கள். இதே வாசிப்பு முறையை வகுப்பிலும் பழக்கியிருக்க வேண்டும், தேர்வு நாளில் புதிதாகக் கேட்கக் கூடாது. எண் கணக்குக்கு, தடவிப் பார்த்துக் கணக்குப் போடும் டெய்லர் பலகை பழகிய பிள்ளையிடமிருந்து அதைப் பிடுங்கிக் கைபேசி கொடுப்பது உதவியாகாது.

செய்முறைத் தேர்வை மறந்துவிடாதீர்கள். பத்தாம் வகுப்பு அறிவியலில் அதற்கு 25 மதிப்பெண். திருப்புத்திறன் தத்துவத்தால் எடை காணும் சோதனை, வெட்டுக்குறி இட்ட அளவுகோலைக் கொடுத்தால் பார்வையற்ற பிள்ளை கையாலேயே செய்யக்கூடியது. குவிலென்சு சோதனையில் உதவியாளர் பிம்பம் தெளிவா, இல்லையா என்று மட்டும் சொல்லட்டும்; திரையை எந்தப் பக்கம் நகர்த்துவது என்பதைப் பிள்ளை தீர்மானிக்கட்டும். மதிப்பெண் அந்தத் தீர்மானத்துக்கு. அமில, காரச் சோதனையில் நிறத்தைச் சொல்லும் செயலிகள் டியூப்லைட் வெளிச்சத்தில் தடுமாறும், பக்கத்தில் வெள்ளைத்தாள் வைத்தால் ஓரளவு சரியாகும். அதைவிட நம்பகமான வழி வெங்காயம். சாற்றில் ஊறிய துணி நீர்த்த காரத்தில் மணம் இழக்கும், நீர்த்த அமிலத்தில் இழக்காது. துணியைத் தண்ணீரில் அலசிய பிறகே ஆசிரியர் முன்னிலையில் முகரச் சொல்ல வேண்டும்.

பேச்சை எழுத்தாக்கும்போது

எழுதத் திணறும் பிள்ளை விடையைச் சொல்ல, கைபேசி எழுதிக்கொள்ளலாம். கைபேசி வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், மின்விசிறி நின்றிருக்க, சன்னல் சாத்தியிருக்க வேண்டும். கடற்காற்று ஒலிவாங்கியில் இரைச்சலாக விழும். ‘ஒண்ணரை’, ‘முக்கால்’, ‘ரெண்டேகால்’ ஆகியவற்றைக் கருவி கண்டபடி எழுதும். எழுதியதைப் பிள்ளைக்குத் திரும்ப வாசித்துக் காட்டி, அவன் ஆமாம் என்று சொன்ன பிறகே அது விடை. காது மந்தமான பிள்ளையிடம் வாய்மொழிக் கேள்வி கேட்கும்போது லைவ் டிரான்ஸ்கிரைப் செயலியில் தமிழைத் தேர்ந்து, கேள்வி திரையில் சரியாக விழுந்ததா என்று பார்த்த பின்பே பதிலுக்குக் காத்திருங்கள்.

திருத்தும் மேசை: இரட்டைத் தாள் சோதனை

ஏஐ கருவியிடம் திருத்தக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதை ஆசிரியர்கள் சொல்லிக் கேட்பதைவிடத் தாங்களே பார்ப்பது நல்லது. இரண்டாம் அமர்வில் இதற்கு ஒரு மணிநேரம்.

ஒவ்வொரு மேசையும் ஐந்து சரியான விடைகளை எடுக்கட்டும். ஒவ்வொன்றையும் இரண்டு விதமாக எழுதுங்கள்: ஒன்று பாடநூல் தமிழில், மற்றது பேச்சுத் தமிழில், எழுத்துப்பிழையோடு. “மின்சுற்று திறந்திருப்பதால் மின்னோட்டம் பாயாது” ஒன்று. “வயர் கட்டாயிருக்கு, அதனால கரன்ட்டு போவாது” மற்றொன்று. இரண்டிலும் இயற்பியல் ஒன்றே. பத்தையும் கலந்து, தனித்தனி உரையாடலில் கருவியிடம் மதிப்பெண் கேளுங்கள். இரண்டு ஆசிரியர்களும் தனித்தனியே போடட்டும். மூன்று பட்டியலையும் பக்கத்தில் வைத்தால், மொழிக்காக எங்கே மதிப்பெண் குறைந்தது என்று வெளிச்சமாகிவிடும். சில சமயம் குறைத்தவர் ஆசிரியராக இருப்பார். அதையும் கோபமில்லாமல் பேச இடம் கொடுங்கள்.

இதன் பின் மதிப்பீட்டுக் குறிப்பை மேசையே எழுதும்: கருத்துக்கு எவ்வளவு, அலகுக்கு எவ்வளவு, படிகளுக்கு எவ்வளவு, எழுத்துப்பிழைக்கு எதுவும் குறைப்பதில்லை. குறிப்பை எழுத ஏஐ உதவலாம். கையெழுத்துத் தாளைப் படமெடுத்து மதிப்பெண் கேட்பது கூடவே கூடாது. ன-ண, ல-ள-ழ, ர-கால் ஆகியவற்றைக் கருவி தவறாக வாசித்துவிட்டு அந்தத் தவறைப் பிள்ளையின் தலையில் போடும்.

பிள்ளையின் தகவல்

பெயர், எமிஸ் எண் (பள்ளிக்கல்வித் துறையின் மாணவர் அடையாள எண்), ஊர், மாற்றுத்திறனாளி அடையாள அட்டையின் படம் எதையும் கருவியில் ஏற்றக் கூடாது. “எட்டாம் வகுப்பு, குறைந்த பார்வை, பெரிய எழுத்து தேவை” என்பது போதும். கருவியின் அமைப்புகளில் உங்கள் உரையாடலைப் பயிற்சிக்குப் பயன்படுத்தும் வசதியை அணைத்துவிடுங்கள். பிள்ளைகளுக்குக் கணக்குத் தொடங்கித் தர வேண்டாம். 2023-ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 18 வயது நிறையாதவர் குழந்தையே, பெற்றோர் ஒப்புதல் தேவை.

காலாண்டுக்குப் பின், பொதுத்தேர்வை நோக்கி

மூன்றாம் அமர்வில் ஒவ்வொருவரும் இரண்டு கேள்வியைக் கொண்டுவரட்டும்: மாற்றியதால் முன்பு பதில் எழுதாத பிள்ளை எழுதியது ஒன்று, மாற்றியும் பயன்படாதது ஒன்று. இரண்டாவதில்தான் வேலை இருக்கிறது. மாற்றிய கேள்வியில் வகுப்பே முழு மதிப்பெண் வாங்கியிருந்தால் குறிப்பு கசிந்திருக்கிறதா என்று பாருங்கள். அந்த ஒரு பிள்ளை மட்டும் இன்னும் எழுதவில்லை என்றால், தடை வேறு எங்கோ இருக்கிறது. நேரமாக இருக்கலாம், எழுத்தின் அளவாக இருக்கலாம், உண்மையிலேயே பாடமாகவும் இருக்கலாம். அப்படியானால் கேள்வியை மறுபடி மாற்றாமல் பாடத்தை மறுபடி நடத்த வேண்டும்.

பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. பொதுத்தேர்வு அறைக்குள் கைபேசியும் ஏஐ கருவியும் போகாது. அங்கே கிடைப்பது சொல்வதை எழுதுபவர், கூடுதல் ஒரு மணி நேரம் போன்ற சலுகைகள். இவற்றுக்கு மருத்துவச் சான்றோடு தலைமையாசிரியர் வழியாக அரசுத் தேர்வுகள் இயக்ககத்துக்கு உரிய நேரத்தில் விண்ணப்பிக்க வேண்டும். அதனால் அரையாண்டுத் தேர்விலிருந்தே இந்தப் பிள்ளைகளைக் கைபேசியிலிருந்து விலக்கி, மனிதரிடம் விடை சொல்லிப் பழக்குங்கள். “அடுத்த வரி”, “பின்னம் முடிந்தது”, “அதை அடித்துவிடுங்கள்” என்று சொல்லத் தெரிவதே ஒரு தனித்திறன். எழுதுபவராக வருபவருக்கும் வினாத்தாளின் குறியீடுகளை வாசிக்கத் தெரிய வேண்டும். அறிவியல் தாளில் மேலிலக்கம், கீழிலக்கம் வாசிக்கத் தெரியாதவர் வந்தால் கூடுதல் மணிநேரமும் வீண். கேள்விகளை எளிய வாக்கியமாக்கும் வேலையையும் இந்த வகுப்புகளுக்கு ஜனவரியோடு நிறுத்திவிட்டு, பொதுத்தேர்வின் நீண்ட வாக்கியத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து வாசிக்கும் பயிற்சியைக் கொடுங்கள். அதற்குப் பழைய வினாத்தாள்களே போதும், முதல் அமர்வில் யூனிகோடாக்கிய கோப்புகள் அப்போது கைகொடுக்கும்.